35-க்கு மேல்

சினைப்பைப் புற்றுநோய் பற்றி டெல்லிக்குப் போகும் எந்த புரபோசலைத் திறந்தாலும் முதல் பத்தியில் ஒரே வரிதான்: சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அது சரி. சினைப்பைக்கு அதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை, மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வருடா வருடம் சிஏ-125 ரத்தப் பரிசோதனை, ஏறுமுகமாக இருந்தால் ஸ்கேன். இன்னொரு பிரிவுக்கு வருடா வருடம் ஸ்கேன் மட்டும். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. 2021-ல் லான்செட் இதழில் கடைசி முடிவு வந்தது. ரத்தப் பரிசோதனைப் பிரிவில் ஆரம்பக் கட்ட நோய் கூடுதலாகப் பிடிபட்டது. ஆனால் இறப்பு குறையவில்லை.

அப்படியானால் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு மின்வேதியியல் சென்சார் செய்ய அரசிடம் நான் எதற்குப் பணம் கேட்கிறேன்? படிவத்தைத் தொடுமுன் இதற்குப் பதில் வேண்டும்.

*

இந்தியா, 2022, குளோபோகான் என்ற உலகப் புற்றுநோய்க் கணக்கின் மதிப்பீடு: சினைப்பைப் புற்றுநோய் புதிதாக 47,333 பேருக்கு. இறப்பு 32,978. இரண்டாவது எண்ணை முதல் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும், ஒரு பக்கம் பின்னணி எழுத வேண்டாம்.

*

வயிறு உப்புசம். இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது. அடிவயிற்றில் கனம். அடிக்கடி சிறுநீர். இதைச் சொல்லிக்கொண்டு வரும் ஐம்பது வயது அம்மாவுக்கு முதலில் கிடைப்பது வாயு மாத்திரை. அடுத்த தடவையும் வாயு மாத்திரைதான், கம்பெனி மட்டும் வேறு. டாக்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அது வாயுவாகத்தான் இருக்கும்.

*

மாலையில் சிக்ரி மின்வேதியியல் ஆய்வகத்தின் பக்கம் நடை. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டியது. 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். நாட்டின் மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வந்ததற்குக் காரணம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்ததுதான்.

மின்வேதியியலுக்கும் சினைப்பைக்கும் என்ன உறவு என்று துறைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பார்னெட் ரோசன்பெர்க் இயற்பியல் படித்தவர். செல் பிரிவதை மின்புலம் பாதிக்குமா என்று பார்க்க, ஈ.கோலை பாக்டீரியா வளரும் கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியா பிரியவில்லை, நூல் நூலாக நீண்டது. மின்சாரத்தின் வேலை என்று முதலில் தோன்றுவது இயல்பு. உண்மையில் பிளாட்டினம் மின்முனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கரைசலில் இருந்த அமோனியம் குளோரைடோடு சேர்ந்திருக்கிறது. அப்படிப் பிறந்த சேர்மங்களில் ஒன்றுதான் சிஸ்பிளாட்டின். 1965-ல் நேச்சர் இதழில் முதல் கட்டுரை. 1978-ல் விரைப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் அமெரிக்க அரசின் அனுமதி. இன்றைக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு ஏற்றும் கார்போபிளாட்டின் அதன் தங்கை. ஒரு நோயாளிக்கு நோய் திரும்பினால் டாக்டர் முதலில் கேட்பதே, கடைசி பிளாட்டினம் முடிந்து ஆறு மாதம் ஆனதா என்றுதான்.

படிவத்தில் ‘எதிர்பார்க்கும் பயன்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ரோசன்பெர்க் அதில் என்ன எழுதியிருப்பார்? சினைப்பை என்று எழுதியிருக்க வாய்ப்பே இல்லை.

*

சிஏ-125 சென்சார் கட்டுரைகள் அடுக்கு அடுக்காக வருகின்றன. தங்க நானோ துகள், கிராஃபீன், ஆன்டிபாடி, அச்சிட்ட கார்பன் மின்முனை. எல்லாவற்றிலும் பெருமை ஒன்றுதான்: எவ்வளவு குறைவாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும்!

1981-ல் ராபர்ட் பாஸ்ட் குழு இந்த மார்க்கருக்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்தது. மருத்துவமனைகளில் வழக்கமாகப் பார்க்கும் எல்லை மில்லி லிட்டருக்கு 35 யூனிட். நோய் முற்றிய பெண்ணுக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் நிற்கும். 35-க்கு மேலா கீழா என்று தெரிந்தால் போதும் என்கிற இடத்தில் இந்தத் துல்லியம், அரிசி மூட்டையை நகைக்கடைத் தராசில் வைப்பதுதான். எண் கிடைப்பதில் சிக்கல் இல்லை. அந்த எண் யாரைக் குறித்துச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். மாதவிடாய் நாளில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் ஏறும், நார்க்கட்டியிலும் ஏறும்.

வயிற்றுக் காசநோயில் ஏறோ ஏறென்று ஏறும்.

*

இதுதான் கையில் பிடிக்கவேண்டிய நூல். வயிற்றில் நீர் கோத்து, உடம்பு இளைத்து, ஸ்கேனில் சினைப்பை பக்கம் ஏதோ கட்டி மாதிரி தெரிந்து, சிஏ-125 ஐந்நூறைத் தாண்டி ஒரு பெண் வருகிறார். புற்றுநோயாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம். புற்றுநோய் என்று வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளே காசநோய் என்பது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வரும் கதை. காசநோயாளி மாத்திரையில் குணமாகக்கூடியவர். புற்றுநோயாளிக்கோ, சினைப்பை அறுவைச் சிகிச்சையில் தேர்ந்த கைகளுக்குச் சீக்கிரம் போய்ச் சேருவதே பாதி வைத்தியம். லண்டன் ஆய்வாளர்களின் கேள்வி வேறு, சிவகங்கையின் கேள்வி வேறு.

ஆகவே நலமாக இருக்கும் பெண்களைச் சலித்தெடுக்கிறேன் என்று நான் எழுதப்போவதில்லை. நோயோடு வந்து நிற்பவரை எந்த வாசலுக்கு அனுப்புவது, அதுதான் நோக்கம். 1990-லேயே பிரிட்டனில் ஒரு கணக்கு வந்துவிட்டது: ஸ்கேன் மதிப்பெண், மாதவிடாய் நிலை, சிஏ-125 மூன்றையும் பெருக்கு, 200-ஐத் தாண்டினால் பெரிய இடத்துக்கு அனுப்பு. அதோடு எச்ஈ-4 என்ற இன்னொரு புரதம், வயிற்று நீரில் காசநோய்க்குப் பார்க்கும் ஏடிஏ. சிஏ-125, எச்ஈ-4, ஏடிஏ மூன்றையும் ஒரே அட்டையில் அளக்கும் சென்சார் என்றால் காரைக்குடியில் உட்கார்ந்து செய்ய நியாயம் இருக்கிறது.

*

நோயாளிகள் இங்கே இல்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-ல் வந்தது. அதற்கு மேல் என்றால் மதுரை. மருத்துவர் ஒருவரைக் கூட்டு ஆய்வாளராகப் போடாமல் ஐ.சி.எம்.ஆர். பக்கம் தலை வைக்க முடியாது. போனில் பேசினேன். “சாம்பிள் தர்றதுல ஒண்ணும் இல்ல மேடம். ஓ.பி.யில இருநூறு பேர் நிக்கிறப்ப கன்சென்ட் ஃபார்மை யார் வாசிச்சுக் காட்டுவா? அதுக்கு ஒரு ஆள் போடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

நியாயம். நெறிமுறைக் குழு இரண்டு இடத்திலும் கூடவேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் கூடுமா என்பது கிரகநிலையைப் பொறுத்தது.

*

பட்ஜெட். ஜே.ஆர்.எஃப். ஒருவர், மாதம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி. மருத்துவமனைக்குக் கள உதவியாளர் ஒருவர். மைனஸ் எண்பது ஃப்ரீசர், அதற்கு யூ.பி.எஸ். (கரன்ட் போனால் ரத்த மாதிரிகளோடு மூன்று வருட உழைப்பும் போகும்.) ஆன்டிபாடி, மின்முனை. நோயாளிகளுக்குப் பஸ் சார்ஜ்.

அலுவலகத்தில்: “ஓவர்ஹெட் போட்டீங்களா மேடம்?” போட்டிருக்கிறேன். “ஃப்ரீசர் ஜெம்ல இருக்கானு பாத்தீங்களா?” அந்த அரசுக் கொள்முதல் தளத்திலும் பார்த்தேன். “பஸ் சார்ஜை எந்த ஹெட்ல போடுவீங்க? பில் இருக்காதே. செலவுச் சான்று கொடுக்கிறப்ப ஆடிட்ல கேப்பாங்க.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. இளையான்குடியிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவின் டிக்கெட் எந்த ஹெட்டிலும் அடங்கவில்லை. ‘கன்டின்ஜென்சி’யில் ஒளித்து வைக்க மனமில்லை. ‘பங்கேற்பாளர் பயணம்’ என்று தனி வரியாகவே போடப்போகிறேன், வெட்டினால் வெட்டட்டும்.

*

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனச் சட்டம், 2023. அதுவரை ஆராய்ச்சிக்கு நிதி தந்துவந்த எஸ்.இ.ஆர்.பி. இந்த நிறுவனத்துக்குள் கரைந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி என்றார்கள். உள்ளே பார்த்தால் அரசுப் பங்கு 14,000 கோடி, மிச்சம் தனியாரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வரவேண்டும். சிக்ரி மதிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அழகப்பர் ஒருவர்தான் இருந்தார்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருகிறார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அரசு கைவிரித்த பிறகும் பொதுமக்களிடம் திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறில் மருத்துவமனையைத் தொடங்கிவிட்டார்.

*

நோயாளியிடம் குடும்ப வரலாறு கேட்கும் தாளில் அம்மா, அக்கா, தங்கை என்று மூன்று கட்டம்தான் இருந்தது. அப்பா வழி எங்கே? பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பிழை அப்பா வழியாகவும் வரும். அது இருக்கிற பெண்ணுக்கு எண்பது வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44 வரை. அத்தை, அப்பத்தா எதில் போனார்கள் என்று கேட்கவேண்டும். இந்தப் பக்கத்தில் கேட்டால் “வயிறு வீங்கிப் போயிட்டாக” என்பார்கள். அந்தப் பதிலையும் அப்படியே எழுதிக்கொள்ளக் கட்டம் வேண்டும்.

நகரத்தார் ஒன்பது கோயில்களிலும் புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், கல்யாணம் ஆன தம்பதிக்கு ஒரு புள்ளி. பெண் கட்டிக்கொண்டு போன கோயிலில் எண்ணப்படுகிறாள். வம்சாவளி வரைய இதைவிட ஒழுங்கான ஏடு எங்கே கிடைக்கும் என்று ஆசை தட்டியது. இந்த புரபோசலில் வேண்டாம். கோயில் ஏட்டில் நோயின் பெயர் ஏறினால் அடுத்த நாளே கல்யாணப் பேச்சு ஒன்று நிற்கும்.

*

அமெரிக்க ராணுவ நிதியில் 1997 முதல் சினைப்பைப் புற்றுநோய்க்கென்றே ஒரு திட்டம் நடக்கிறது. புரபோசல் பார்க்கும் குழுவில் விஞ்ஞானிகளோடு நோயிலிருந்து மீண்ட பெண்களும் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள். நான் போய் நின்ற குழுக்களில் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. இருந்திருந்தால் பஸ் சார்ஜ் வரிக்கு முழு மார்க் விழும்.

*

பாக்கி வேலை: காசநோய்ப் பிரிவு டாக்டரையும் கூட்டு ஆய்வாளராகக் கேட்கவேண்டும். சாம்பிள் எண்ணிக்கைக்குப் புள்ளியியல்காரரிடம் உட்காரவேண்டும். ஒப்புதல் படிவத்தில் ‘உயிரியல் மூலக்கூறு’ என்று இருப்பதை எடுத்துவிட்டு ‘ரத்தம், வயிற்று நீர்’ என்று போடவேண்டும். முதல் பத்தியின் முதல் வரியை அடித்தாயிற்று. அந்த இடத்தில் பிரிட்டன் முடிவையே எழுதுவது, மதிப்பீட்டாளர் முகம் சுளித்தாலும்.