பழைய சங்கிலி வாளும் பிடித்த கையும்

மனிதருக்கு மனிதர் பித்து வேறுபடும். ஒருவர் தபால் முத்திரை சேர்ப்பார். மற்றொருவர் பழைய நாணயங்களைத் தேடித் திரிவார். இன்னொருவர் சுவரில் இடமில்லாவிடினும் கடிகாரங்களை வாங்கி வந்து மாட்டுவார். இவற்றையெல்லாம் வீட்டுக்கு வரும் விருந்தினருக்குக் காட்டலாம். அவர்களும் கண்டு மகிழ்வர். எனது பித்தோ அத்தகைய பெருமைக்கு உரியதன்று. நான் சேர்ப்பவை மரம் தறிக்கும் பழைய சங்கிலி வாள்கள். அவற்றுள்ளும் பெரிய எஞ்சின் பூட்டிய கனத்த வாள்கள். கரியும் துருவும் பழைய பெற்றோல் நாற்றமும் அவற்றுடன் கூடவே வரும். ஆதலால் அவை வீட்டு வாயிலைத் தாண்டக் கூடாதென்பது என் இல்லாளின் கட்டளை. பின்புறக் கொட்டிலே அவற்றின் உறைவிடம்.

யாழ்ப்பாணத்திலே பிறந்த நான், கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வன்கூவர் தீவிலே வாழ்ந்து வருகின்றேன். பனையையும் பூவரசையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இத்தீவின் மரங்கள் முதலில் நம்பத்தக்கனவாய்த் தோன்றவில்லை. 'கதீட்ரல் குரோவ்' என்னும் சோலையிலே ஏறத்தாழ 800 ஆண்டு வயதுடைய டக்ளஸ் ஃபிர் மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதன் சுற்றளவு 9 மீற்றருக்கும் அதிகம். ஆறு பேர் கைகோத்து நின்றாலன்றி அதனை வளைக்க இயலாது. அச்சோலை இன்று காக்கப்பட்டு நிற்கின்றது. அதைப் போன்ற வேறு காடுகள் பல வெட்டப்பட்டன. வெட்டியவர் யார், எதனால் வெட்டினர் என்று எண்ணத் தொடங்கியபோதே எனக்கு இப்பித்துப் பிடித்தது.

முற்காலத்திலே இத்தகைய மரத்தைத் தறிக்க, அடிமரத்திலே துளை வெட்டிப் பலகை செருகி, நிலத்துக்கு மேலே அதன்மீது நின்று, இருவர் நீண்ட வாளை மாறி மாறி இழுப்பர். நம் நாட்டிலும் மரம் அரிவோர் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாய் நின்று வாள் இழுத்ததை முதியோர் அறிவர். அந்த உழைப்பை எஞ்சினிடம் ஒப்படைக்க முயன்றோருள் ஜெர்மனியில் தொழில் நடத்திய அந்திரேயாஸ் ஷ்டீல் ஒருவர். அவர் 1926 இலே செய்த மின்சாரச் சங்கிலி வாளின் எடை 64 கிலோகிராம். இருவர் தூக்க வேண்டும். காட்டில் மின்சாரத்துக்கு எங்கே போவது? 1929 இலே பெற்றோல் வாள் ஒன்றைச் செய்தார். அதன் எடை 46 கிலோகிராம். இதற்கிடையே 1927 இல் எமில் லேர்ப் என்னும் மற்றொரு ஜெர்மானியரும் தமது வாளை டொல்மார் என்னும் மலையிலே சோதித்து, அம்மலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். தனி ஒருவர் தூக்கி வேலை செய்யத்தக்க பெற்றோல் வாளை ஷ்டீல் நிறுவனம் 1950 இலே வெளியிட்டது. அதுவும் 16 கிலோகிராம் இருந்தது.

எஞ்சின் வலுத்தாலும் சங்கிலியின் பற்கள் வலுக்கவில்லை. அவை மரத்தைச் சுரண்டினவேயன்றிச் சீவவில்லை. அடிக்கடி தீட்டவும் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே யோசப் கொக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, 1946 இல் ஒரு நாள் மரத்தைத் துளைத்துச் செல்லும் வண்டின் புழுவை உற்றுநோக்கினார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவிக்கொண்டு போயின. அவ்வாறே இடம், வலமாக வளைந்த பற்களை வைத்துப் புதிய சங்கிலியைச் செய்தார். அடுத்த ஆண்டு போர்ட்லண்ட் நகரிலே தம் வீட்டின் நிலவறையில் அதனைத் தயாரிக்கலானார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் பெரும்பாலும் அப்புழுவின் பாடத்தையே பின்பற்றுவன. மாணவர்கள் இதனைச் சிறிது சிந்திக்கலாம். கண்டுபிடிப்புக்குப் பெரிய ஆய்வுகூடம் எப்போதும் வேண்டியதில்லை. பார்க்கும் கண் வேண்டும்.

அமெரிக்கத் தயாரிப்பாளருள் ரொபேர்ட் மக்கலக் மறக்க முடியாதவர். அவர் நிறுவனம் 1949 இலே வெளியிட்ட வாளின் எடை ஏறத்தாழ 25 இறாத்தல், ஒருவர் கையாளத்தக்கது. வாள் விற்றுச் சேர்த்த செல்வத்தோடு அவர் 1968 இலே லண்டன் மாநகரின் பழைய பாலத்தை 24 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு வாங்கினார். அதன் கற்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அரிசோனாப் பாலைவனத்திலே தாம் அமைத்த நகரில் 1971 இலே மீண்டும் எழுப்பி நிறுத்தினார். பழைய பொருள் சேர்ப்பதிலே அவருக்கு நான் எம்மாத்திரம்! இச்செய்தியைச் சொல்லியே என் கொட்டிலில் இன்னொரு வாளுக்கு இடம் பெற்றேன்.

இனிப் 'பெரிய எஞ்சின்' என்பதன் பொருளைச் சொல்ல வேண்டும். எஞ்சினின் உருளைக்குள் ஆடுதண்டு ஒரு முறை மேலும் கீழும் செல்லும்போது அது கடக்கும் இடத்தின் கன அளவே எஞ்சினின் அளவாகும். வீட்டுத் தேவைக்கான சிறு வாள்கள் 40 கன சென்ரிமீற்றர் அளவில் இருப்பன. 1959 இலே வெளிவந்த ஷ்டீல் 'கொன்ட்ரா' 106 கன சென்ரிமீற்றர். மக்கலக் 'சூப்பர் 797' 123. ஷ்டீல் '090' 137. இவை பாரிய அடிமரங்களை அறுக்க நீண்ட வாளலகு பூட்டிப் பாவிக்கப்பட்டவை. சேர்ப்போரிடையே இவ்வெண்கள் குதிரைகளின் குலப்பெயர் போலப் பேசப்படும்.

பழைய வாள் கைக்கு வந்ததும் அதன் கயிற்றை இழுத்துப் பார்க்க ஆசை எழும். அதனை அடக்குவதே திருத்துவோன் கற்கும் முதற்பாடம். முதலிலே சைலன்சரைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே ஆடுதண்டின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது வழவழப்பாக இருப்பின் நம்பிக்கை உண்டு. உழுத வயல்போல் இருப்பின் செலவு உண்டு. பின்னர் சுழற்சக்கரத்தின் அடியிலுள்ள தொடுமுனைகளைத் துடைத்துத் தீப்பொறி வருகிறதா என்று நோக்க வேண்டும். அடுத்தது காபரேற்றர். அதனுள்ளே எரிபொருளை அளந்து விடுவது ஒரு மெல்லிய சவ்வு. முந்திய வாள்களில் மிதவை பூட்டிய காபரேற்றர் இருந்தமையால் எஞ்சினைச் சாய்க்க முடியவில்லை. இச்சவ்வு வந்த பின்னரே வாளை எப்பக்கம் திருப்பியும் மரம் தறிக்க முடிந்தது. பல்லாண்டு கிடந்த வாளிலே அது காய்ந்த இலைபோல் விறைத்திருக்கும். புதிது போட்டேயாக வேண்டும்.

எல்லாவற்றிலும் மறைவான பகை காற்றுக்கசிவு. சுழல்தண்டின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் அடைப்புகள் முதுமையால் வெடிக்கும். அவ்வழியே வெளிக்காற்று உட்புகும். இவ்வகை எஞ்சினுக்கு வழுக்கலூட்டும் எண்ணெய் பெற்றோலோடு கலந்தே செல்கின்றது. காற்று மிகுந்து பெற்றோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். அந்நிலையில் எஞ்சின் முன்னையிலும் வீறுகொண்டு சுழலும். கேட்போர் 'எவ்வளவு நன்றாக ஓடுகிறது!' என்று வியப்பர். உண்மையில் அது தன்னைத் தானே எரித்துக்கொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அயலிலே வாழும் முதியவர் ஒருவர் தம்முடைய வாளை என்னிடம் தந்தார். இளமையிலே இத்தீவின் காடுகளில் மரம் தறித்தவர். அது 100 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பழைய வாள். நெடுங்காலம் ஓடாமற் கிடந்தது. விலை கேட்டேன்; பணம் வேண்டாம், அதன் ஓசையை மற்றொரு முறை கேட்டாற் போதும் என்றார். ஒரு மாரிகாலம் முழுவதும் அதனோடு இருந்தேன். பழுதான அடைப்புகளை மாற்றினேன். கிடைக்காத இடைத்தாள்களைக் கத்தரித்துச் செய்தேன். வேலை முடியும் தறுவாயில் புதிய நிறம் பூச எண்ணினேன். அவர் தடுத்தார். முன் கைபிடியிலே ஓரிடத்தில் நிறம் முற்றாகத் தேய்ந்து உலோகம் பளபளத்தது. தம் இடக்கையை மெல்ல அதன்மேல் வைத்தார். தேய்வும் கையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தாற்போற் பொருந்தின.

அன்று குளிர் அதிகம். அவர் விரல்களைக் கவனித்தேன். நுனிகள் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தன. வாளின் அதிர்வு ஆண்டுக்கணக்காகக் கைகளிற் பாய்ந்தால் விரல்களின் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடும். குளிர் பட்டதும் குருதியோட்டம் நின்று விரல்கள் வெளுத்து மரத்துப் போகும். 'வெள்ளை விரல்' என்று தொழிலாளர் இதனை அழைப்பர். பிரித்தானியாவிலே 1985 இல் இது தொழிலால் வரும் நோயாக ஏற்கப்பட்டது. கைபிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் றப்பர் வைக்கும் முறை 1960களின் நடுவிலேதான் வரலாயிற்று. சங்கிலியை நொடியில் நிறுத்தும் தடுப்பு 1970களின் தொடக்கத்தில் வந்தது. இரண்டும் அவர் வாளில் இல்லை.

எஞ்சினை முடுக்கினேன். கொட்டிலே அதிர்ந்தது. அவர் கண்களை மூடிக் கேட்டார். இரண்டு நிமிடமும் ஆகியிராது. நிறுத்தச் சொல்லிக் கைகாட்டினார். 'நல்ல வாள், என் விரல்களைத் தின்றதும் இதுவே' என்றார். அவர் குரலிலே கோபமில்லை. பழைய தோழனைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார்.

அதன் பின்னர் எனது ஒப்பீடுகள் மாறின. முன்பு எண்களையே ஒப்பிட்டேன். அவ்வழியிற் பார்த்தாலும் பழையன வெல்வதில்லை. கொன்ட்ரா 106 கன சென்ரிமீற்றர் எஞ்சினால் 6 பரிவலு தந்தது. எடை 12 கிலோகிராம். அண்மைக் காலத்து ஷ்டீல் '661' 91 கன சென்ரிமீற்றரிலேயே 7 பரிவலுவுக்கு மேல் தருகின்றது, எடை 7.4 கிலோகிராம். பழையதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அது மெதுவாகச் சுழன்றே தன் வலுவைக் காட்டும். தடித்த மரத்திலே நீண்ட அலகை அழுத்தினாலும் எளிதிற் திணறி நிற்பதில்லை. அந்தக் கனத்த முழக்கத்தைக் கேட்க எனக்கு இன்றும் விருப்பமே. ஆயினும் இப்போது ஒவ்வொரு வாளையும் நிறுத்திய பின் என் கையை விரித்துப் பார்க்கின்றேன். விரல்களில் எறும்பூர்வது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுகின்றேன். எடை, வலு, அளவு என்னும் மூன்று நிரல்களுக்குப் பக்கத்திலே 'கை' என்றொரு நிரல் சேர்ந்துவிட்டது.

சென்ற மாரியிலே புயலில் விழுந்த மரமொன்றை அறுக்க, என் மகன் அம்முதியவரின் வாளைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை, தடுப்பும் றப்பரும் உள்ள புதிய வாளையே கொடுத்தேன். அவனுக்குக் கோபம் வந்தது.

"அப்பா, பாவிக்கக் குடுக்காத சாமானை ஏன் இவ்வளவு மினக்கெட்டுத் திருத்துறியள்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அவனைக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, தேய்ந்த கைபிடியைக் காட்டி, முதியவரின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். ஓடாத வாள் வெறும் இரும்பு. அதனிடம் எதையும் கேட்டறிய முடியாது. ஓடும் வாளை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால், நாள் முழுவதும் அதனைப் பிடித்தவன் பட்டது என்னவென்று கை அறியும். அதற்காகவே திருத்துகிறேன் என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்து, சங்கிலி பூட்டாத அந்த வாளை ஒரு முறை முடுக்கிப் பிடித்தான். நிறுத்தியதும் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து 'கை' நிரலில் தானே எழுதினான்.

இதனை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொட்டிலிலும் துலாவின் இடத்தைப் பிடித்த பழைய நீர் இறைக்கும் இயந்திரமோ, பாட்டியார் மிதித்த தையல் இயந்திரமோ கிடக்கலாம். அதன் விலை என்ன, வயது என்ன என்று விசாரிக்குமுன், அதனைப் பாவித்தவர் இன்னும் வீட்டில் இருந்தால் அவர் பக்கத்திற் சிறிது நேரம் அமருங்கள். எங்கே பிடித்தார், எவ்வளவு நேரம் நின்றார், எது நொந்தது என்று கேளுங்கள். இயந்திரத்தைப் பிறகும் திருத்தலாம். அவரிடம் கேட்பதைப் பிற்போட வேண்டாம்.