பட்டறைக்கு வந்தால் ஒழுங்காகிவிடும் வண்டி

கோவை காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. நான் போனபோது பழைய மாருதி 800 ஒன்றுக்குப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"காலையில சாவி போட்டதும் எடுக்குதுங்க. லோடு எடுத்துட்டுப் போயி நிறுத்தினா, மறுபடி எடுக்க மாட்டேங்குது. சாயங்காலம் தானா சரியாயிருதுங்க" என்றார் மளிகைக்கடைக்காரர். வேறொரு பட்டறையில் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் மாற்றிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தொடவே இல்லை. "எடுக்காதப்ப சத்தம் எப்படிங்க? கடகடன்னா, ஒரே ஒரு 'கட்'டா?"

"ஒரே ஒரு 'கட்'டுங்க."

இந்தக் கேள்வியில்தான் பாதித் தொழில். கடகடவென்றால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். சத்தமே இல்லாவிட்டால் சாவி சுவிட்சிலிருந்து போகும் மெல்லிய ஒயர் வழியைப் பார்க்க வேண்டும். ஒரே 'கட்' என்றால் சொலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் சேரவில்லை.

ஆனால் வண்டி அப்போது சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. ஒழுங்காக ஓடும் வண்டியில் கை வைக்க அவருக்கு விருப்பமில்லை. பையனை அனுப்பி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்து அணைத்துச் சாவியைத் திருப்பினால் 'கட்'. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! கடைக்காரருக்குத்தான் புரியவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். பையன் சாவியைத் திருப்பியபடியே இருக்க, மீட்டர் 2 வோல்ட்டைத் தாண்டியது. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. ஜம்பர் கேபிளை அதே இரண்டு இடங்களுக்கும் நடுவே போட்டதும் செல்ஃப் விர்ரென்று சுற்றியது. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினார். வெளியே கிரீஸ் பூசிப் பளபளத்த லக்கின் அடியில் பச்சைக் களிம்பு.

டெஸ்ட் லேம்ப் வைத்திருந்தால் இது அகப்பட்டிருக்காது. சின்ன பல்புக்கு ஒற்றை இழை போதும், பிரகாசமாக எரியும். செல்ஃப் 100 ஆம்பியர் போல இழுக்கும்போது, 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். மோட்டார் இழுக்கும் நேரத்தில் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். முந்தைய பட்டறை பேட்டரியை மாற்றியதைவிட, இதை அளக்காமல் மாற்றியதுதான் எனக்கு எரிச்சல்.

உப்புத்தாளால் தேய்த்து, புது ஒயர் போட்டு முறுக்கினார்கள். பில்லைப் பார்த்த கடைக்காரர், "ஒரு ஒயருக்கா இவ்வளவு?" என்றார்.

எலக்ட்ரீஷியன் பதில் பேசாமல் பில்லை வாங்கி, 'கூலி' என்றிருந்ததை அடித்துவிட்டு 'எர்த் ஒயர் செட், ஃபிட்டிங்' என்று எழுதிக் கொடுத்தார். தொகை அதேதான். கடைக்காரர் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.