முட்டு

கற்பிட்டித் தீபகற்பத்து ஆலங்குடாவில் எங்கே கால் வைத்தாலும் மணல். ஆனாலும் சிலாப் போடவிருந்த வீட்டு வாசலில் குவிந்திருந்தது லொறியில் வந்த ஆற்றுமணல். "கரை மணல்ல உப்பு தம்பி. கம்பியத் தின்னும்" என்றார் மேசன் பாஸ். துருவேறிய கம்பி பருக்கும். பருத்தால் தன்னை மூடிய கொங்கிறீட்டையே பிளக்கும். கடலோர வீடுகளில் யன்னலுக்கு மேல் நீளும் சன்செட்டின் அடியில் கம்பியின் வழியே ஓடும் நீள வெடிப்புகள் இப்படி வந்தவைதான்.

நான் போனது கொங்கிறீட் போடுவதற்கு முந்தின மாலை. மேலே ஏறப் பார்த்த என்னைப் பாஸ் தடுத்தார். "மேல பாக்க ஒண்டுமில்ல. வேல கீழதான்."

கீழே இரும்பு ஜக்குகளும் கம்புகளும் வரிசையாக நின்றன. அறை 400 சதுர அடி, தடிப்பு 5 அங்குலம். கணக்குப் போட்டேன்: ஈரக் கொங்கிறீட் ஏறக்குறைய 11 தொன். அது இறுகித் தன் காலில் நிற்கும்வரை பாரம் முழுக்க இந்த முட்டுகளின் மேல்தான். ஒவ்வொரு முட்டுக்கு அடியிலும் ஒரு பலகைத் துண்டு. மணல் தரையில் அது இல்லாவிட்டால் ஒரு முட்டு அரை அங்குலம் புதையும். சிலாப் அந்த இடத்தில் வயிறு தள்ளியபடியே இறுகிவிடும். பாஸ் ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்து, ஆடியவற்றுக்கு ஆப்பு இறுக்கினார்.

பலகை இடுக்குகளைப் பொலித்தீன் கீற்றால் அடைத்திருந்தார்கள். இடுக்கு வழியே சீமெந்துப் பால் ஒழுகிவிட்டால் சல்லி மட்டும் மிஞ்சித் தேன்கூடுபோல் ஓட்டை விழும். பலகைக்கு எண்ணெய் பூசியது கம்பி பரப்புவதற்கு முன்பே. கம்பியில் எண்ணெய் பட்டால் கொங்கிறீட் அதைப் பிடிக்காது. கம்பிக்கு அடியில் ஒரு அங்குலச் சாந்துக் கட்டைகள். பலகை கழன்ற பிறகு உப்புக் காற்றுக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கப்போவது அந்த ஒரு அங்குலம்தான்.

மறுநாள் விடியும்போதே மிக்சர் ஓடத் தொடங்கிவிட்டது. வெயிலும் காற்றும் ஏறுமுன் பாதியாவது முடிய வேண்டும். கற்பிட்டிக் காற்று ஈர மேற்பரப்பை வேகமாக உலர்த்தி மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். கலவைக்கு எடுத்த கிணற்றுத் தண்ணீரைப் பாஸ் முதலில் நாக்கில் வைத்துப் பார்த்தார். இந்தத் தீபகற்பத்தில் நன்னீர் என்பது கடல்நீரின் மேல் மிதக்கும் மழைநீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும்.

தாச்சிகள் கைமாறிக் கைமாறி ஏறின. தூர மூலையில் தொடங்கிப் பின்வாங்கியபடியே கொட்டினார்கள். ஓரிடத்தில் குவித்து இழுத்தால் சல்லி ஒரு பக்கமும் சாந்து ஒரு பக்கமுமாகப் பிரியும். வைபிரேட்டரை நேராக இறக்கி, குமிழி அடங்கியதும் மெல்ல உயர்த்தினார்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது, இன்னும் ஒரு வாளி தண்ணீர் விடலாமா என்று மேலிருந்து ஒரு பையன் கேட்டான். பாஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தண்ணி கூடினா உனக்கு லேசு. வீட்டுக்கு நோய்." தேநீரைக்கூட மாறி மாறி, நின்றபடியே குடித்தார்கள். முன்பு போட்ட கீற்று இறுகிவிட்டால் அடுத்தது ஒட்டாது; அந்தப் பொருத்து வழியேதான் மழை இறங்கும்.

மதியத்துக்குள் முடிந்தது. ஈரச் சாக்குகளை விரித்தார்கள். இனி முட்டுகளை எப்போது, எப்படிக் கழற்றுவது என்று கேட்டேன். "நடுவுல இருந்து சுவருக்குப் போகணும். சன்செட்டுக்கு மட்டும் வெளி நுனியில இருந்து உள்ளுக்கு." நடுவில் ஒரு முட்டு மட்டும் மிஞ்சினால் சிலாப் அதன்மேல் வளைந்து மேற்பக்கம் இழுபடும், அங்கே கம்பி கிடையாது. 4.5 மீட்டர் வரையான சிலாப்புக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது இந்தியாவின் ஐ.எஸ். 456 நியமம். பாஸின் கணக்கு 21.

ஜக் வாடகை நாளுக்கு நாள் ஏறும். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது வாப்பாவின் கையைப் பிடித்து இங்கே வந்தவர். கொஞ்ச நாளைக்கென்று கட்டிய கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தவர். 2007இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில்தான் அவருக்குக் கல்வீடு கிடைத்தது. இப்போது அதோடு ஓர் அறை சேர்க்கிறார்.

"கொஞ்ச நாளைக்கெண்டு கட்டின கொட்டில்ல பதினெட்டு வருசம் இருந்தம் நானா. இருபத்தொரு நாள் பொறுக்க மாட்டமா?" என்று பாஸிடம் சிரித்தார்.

பாஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முட்டின் தலைப்பலகையில் அன்றைய திகதியை எழுதினார். பக்கத்தில் 21 என்று எழுதி வட்டமிட்டார்.