உப்பு மண்ணில் ஒரு பச்சைக் கம்பளம்

"மரக்காணத்துக்கா போகிறாய்? அந்த உப்புத் தண்ணீரிலும் ஏதாவது பச்சையாக முளைத்துக் கிடந்தால் எனக்கு ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வா!"

பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் சமயத்தில் என் அக்காள் இப்படிச் சொன்னாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வேடிக்கைக்குப் பின்னால் ஒரு குடும்ப வழக்கே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காள் வீடு நீலாங்கரையில். வாசலில் சுமார் நூறு சதுர மீட்டருக்குக் கொரியப் புல் போட்ட தரை. போட்டவர் அவளுடைய மாமனார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் தம் கையாலேயே துண்டு துண்டாகப் பதித்தார். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. விடியற்காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் புல்லின் மேல் அரை மணி நேரம் நடந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம்.

வினை கிணற்றிலிருந்து வந்தது. 2019-இல் சென்னையின் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு தெருவில் நின்றதே, நினைவிருக்கிறதா? அந்தக் கோடையில் அவர்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியது. நிலத்தடி நல்ல நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால், காலியான இடத்துக்குக் கடல் உள்ளே நகர்ந்து வருகிறது. கரையோர வீடுகள் பலவற்றின் கதை இதுதான். புல் மஞ்சளடித்தது. பிறகு லாரித் தண்ணீர்தான். குழம்புக்கும் அதே தண்ணீர், புல்லுக்கும் அதே தண்ணீர்!

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் கடுங்கோடையில் புல்தரை பச்சையாக இருக்க, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டராவது வேண்டும். நூறு சதுர மீட்டருக்கு 500 லிட்டர். குடம் பதினைந்து லிட்டர் என்றால் தினம் முப்பத்துமூன்று குடம்! எந்த இல்லத்தரசிக்குத்தான் வயிறு எரியாது, சொல்லுங்கள்? "சிமெண்டுக் கல் பதித்துவிடலாமே" என்று அக்காள் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்று மாமனார் காலைக் காப்பியைத் தொடவில்லை.

இந்த வழக்கைத் தலையில் சுமந்துகொண்டுதான் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். வழி நெடுக உல்லாச விடுதிகள். ஒவ்வொன்றின் வாசலிலும் பட்டுப்போல் புல்தரை. அந்த மே மாத வெயிலில் அதற்கு எத்தனை குடமோ! அப்புறம் திடீரென்று பச்சை நின்றுவிடுகிறது. சாலையின் இரு புறமும் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பினாற்போல் உப்புப் பாத்திகள். நடுநடுவே கீற்று வேய்ந்த வெள்ளைக் குவியல்கள். கண் கூசுகிறது. மரக்காணம் வந்துவிட்டது.

சாதாரண ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் என்ற துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே ஓடிவரும் பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்துதான் மூச்சு விடுகிறது. பக்கத்தில் கழுவெளி என்ற பெரிய உவர்நீர் ஏரி. 2021-இல் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 5,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. நான் போனபோது பறவைக் காலம் முடிந்துவிட்டது. தாமதித்த சில நாரைகள் மட்டும் என்னைப் போலவே வெயிலில் நின்றுகொண்டிருந்தன.

உப்பளத்தில் வேலை பொழுது புலர்வதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். வேலை செய்கிறவர்களில் பெண்கள் அதிகம். கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்போடு வருகிறது. அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைத்து, நன்றாகக் கனத்த பிறகு கடைசிப் பாத்தியில் விடுகிறார்கள். அங்கேதான் உப்பு பூக்கிறது. 'பூக்கிறது' என்பது எவ்வளவு பொருத்தமான சொல் என்பதைக் குனிந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்போடு சேறும் வந்துவிடும். அந்தக் கால்களைப் பார்த்த பிறகு, நம் வீட்டு உப்பு ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் உறுத்துகிறது.

மழை வந்தால் வேலையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பாத்திகளெல்லாம் ஏரிபோல் ஆகிவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையோரம்தான் கரையேறியது.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். தலையில் சும்மாடு, இடுப்பில் ஏற்றிச் செருகிய சேலை.

"ஆயா, இந்த மண்ணிலே ஏதாவது முளைக்குமா?"

"ஏன் முளைக்காது? அதோ பாரு!" என்று பாத்தி வரப்பைக் காட்டினார்.

சதைப்பற்றான சிறு இலை, சிவந்த தண்டு, ரோஜா நிறத்தில் நட்சத்திரம் போல் பூ. தாவர நூலார் இதைச் சேசுவியம் என்பார்கள். உப்பைக் குடித்தே வாழும் கொடி! பக்கத்திலேயே உமரிக்கீரை. அதை வேகவைத்து, உப்புத் தண்ணீரை இறுத்துவிட்டுச் சமைக்கலாமாம். பருப்போடு சேர்த்தால் வேறு உப்பே போட வேண்டாமாம். ஆனால் சதையுள்ள செடி கால் பட்டால் நசுங்கும். மாமனாரின் நடைக்கு ஆகாது.

கடற்கரைக்குப் போனால் அடும்பு. சங்க காலத்து நெய்தல் நிலப் பாடல்களில் வரும் அதே கொடிதான். ஆட்டின் குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை, ஊதாப் பூ. வெறும் மணலை இறுகப் பிடித்து நிறுத்துகிறது. அழகுதான், ஆனால் நாலே மாதத்தில் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும்!

"வூட்டு வாசலுக்கா கேக்கிறே?" என்று ஆயா சிரித்தார். "அப்படின்னா உப்புக்குள்ளே ஏன் தேடறே, தம்பி? மழைத்தண்ணி நிக்கிற குளத்தங்கரையிலே போய்ப் பாரு. பொடுதலை கிடக்கும். மாடு மிதிச்சாலும் சாவாது."

போய்ப் பார்த்தேன். குளத்து நீர் சற்றே கரிப்பு. கரை முழுதும் பாய் விரித்தாற்போல் ஒரு கொடி. நுனியில் மட்டும் பல் வெட்டிய இலைகள் ஜோடி ஜோடியாக. கணுவுக்குக் கணு வேர். தீக்குச்சித் தலை போல் சின்னஞ்சிறு பூங்கொத்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். மெத்தென்றிருந்தது, வெயிலிலும் குளிர்ச்சி.

பெயரைக் கேட்டதும் சகோதரிகளுக்குப் புரிந்திருக்கும். பொடுகுக்கு நம் பாட்டிமார் எண்ணெய் காய்ச்சிய அதே பொடுதலை! மூலச் சூட்டுக்குத் துவையல் அரைப்பதும் இதைத்தான். நாம் வரப்பில் மிதித்துப் போகும் இதைத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்செஸ்கோ பிரான்செஸ்கி என்ற இத்தாலியர் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மழை குறைந்த அந்த நாட்டில் புல்லுக்குப் பதிலாக வீட்டு வாசல்களில் வளர்த்தார்கள். ஜப்பானில் இதிலிருந்தே ஒரு தேர்ந்த வகையை உண்டாக்கி, 'குராப்பியா' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். நமக்கோ குளத்தங்கரையில் இலவசம்!

ஈரத் துணியில் சுற்றி ஒரு பை நிறையத் தண்டுகளைக் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் கீரை என்று நினைத்து விலை கேட்டார்.

அக்காளுக்கு மகிழ்ச்சி. மாமனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதில் தேனீ மொய்க்குமே! வெறுங்காலில் மிதித்தால் கொட்டாதோ?" என்றார். நியாயமான கேள்வி. பூ இருக்கும் இடத்தில் தேனீ இருக்கத்தான் செய்யும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதை மறந்துவிடாதீர்கள். ஆனால் அவர் நடப்பது வெயில் ஏறுவதற்கு முன். தேனீ வேலைக்கு வருவது வெயில் ஏறிய பிறகு. தவிர, நடைபாதை அளவுக்கு மாதம் ஒரு தடவை பூவைக் கத்தரித்துவிட்டால் தீர்ந்தது.

"சரி, பாதி மட்டும்" என்றார் மாமனார்.

பாதிப் புல்லை எடுத்தோம். மேலே செதுக்கினால் போதாது. வேர் அத்தனையும் போக வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பால் ஒன்றரை மாதம் மூடி வெயிலில் வாட்டிப் பிறகு கொத்தினோம். அதுவரை பொடுதலை தொட்டிகளில் வளர்ந்தது. ஆவணியில், மூன்று நான்கு கணுவுள்ள துண்டுகளை ஓர் அடிக்கு ஒன்றாக நட்டு, நாலு வாரம் நல்ல தண்ணீர் ஊற்றினோம். பிறகு ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. ஓரத்தில் செங்கல் வரிசை அவசியம். இல்லாவிட்டால் ரோஜாப் பாத்திக்குள் நுழைந்துவிடும். நிழலில் இது சரியாகப் படராது. மாமரத்தடியில் இன்றும் மொட்டைதான். அங்கே வல்லாரை வைக்கலாம், ஆனால் அதற்கு ஈரம் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் பூப் பூக்கும் 'சிங்கப்பூர் டெய்சி' என்ற கொடியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பளபளவென்று இருக்கும். ஆனால் உலகிலேயே மிக மோசமாகப் பரவும் நூறு அன்னிய உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இதுவும் ஒன்று. வேண்டவே வேண்டாம்.

அடுத்த கோடை வந்தது. பொடுதலைப் பகுதிக்கு வாரம் ஒரு தடவை, அதுவும் அந்த உவர்ப்புக் குழாய்த் தண்ணீர்தான். சித்திரையில் கொஞ்சம் பழுப்பேறிற்று, சாகவில்லை. புல் பகுதிக்கு வழக்கம்போல் லாரி.

போன வாரம் காலையில் போயிருந்தேன். மாமனார் புல்லில் நடந்துகொண்டிருந்தார். பிறகு கோட்டைத் தாண்டுவது போல் மெதுவாகச் செங்கல் வரிசையைத் தாண்டிப் பொடுதலையில் கால் வைத்தார். பத்து நிமிஷம் அதிலேயே நடந்தார். திண்ணைக்கு வந்ததும், "மீதிப் பாதியை வருகிற ஆவணிக்கு எடுத்துவிடச் சொல்லு அக்காளிடம்" என்றார், காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டே. "ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் என் புல்லை விட்டுவைக்கட்டும்."

அக்காள் உள்ளே துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள்.