அக்கரையில் ஒரு கேதீச்சரம்

ஈழ நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற சிவத்தலங்கள் இரண்டு. ஒன்று கிழக்குக் கரையில் உள்ள திருக்கோணமலை. மற்றொன்று வடமேற்குக் கரையில் மன்னாரை அடுத்துள்ள திருக்கேதீச்சரம். திருஞானசம்பந்தர் இரு தலங்களையும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருக்கேதீச்சரத்தையும் பாடியருளினர். இருவருமே கடல் கடந்து செல்லவில்லை; இராமேசுவரத்தில் இருந்தவாறே அக்கரைப் பெருமானை நினைந்து பாடினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர்கள் மனத்தால் கண்ட கேதீச்சரத்தை இன்று மூன்றே நாட்களில் நேரில் தரிசித்துத் திரும்பலாம். நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து வார இறுதியில் சென்று வருவதற்கு ஏற்ற யாத்திரை இது.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வானூர்தியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பலும் தொடங்கப்பட்டது. அதில் சுமார் 4 மணி நேரம் ஆகும். கடலின் நிலையையொட்டிக் கப்பல் சேவை இடையிடையே நிறுத்தப்படுவதுண்டு. எனவே நாளையும் நேரத்தையும் முன்னதாகவே விசாரித்து, பயண அனுமதியையும் பெற்றுக்கொள்வது நலம்.

வெள்ளிக்கிழமை சென்று இறங்குவோர் முதலில் கீரிமலைக்குச் செல்லலாம். விமான நிலையம், துறைமுகம் இரண்டிற்குமே அது அண்மையில் உள்ளது. கடல் அலை வந்து மோதும் கரையிலேயே நன்னீர் ஊற்றுக் கேணி அமைந்திருப்பது அத்தலத்தின் அதிசயம். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் ஆயிரக்கணக்கில் கூடும் தீர்த்தம் அது. அருகே நகுலேசுவரர் ஆலயம் உள்ளது. போர்க்காலத்தில் சிதைந்து, ஊராரே நெருங்க இயலாத பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த அக்கோயில் திருப்பணி செய்யப்பெற்று, 2012-ல் குடமுழுக்குக் கண்டது.

மாலைப் பூசைக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயில். போர்ச்சுகீசியர் பழைய கோயிலை இடித்தபின், 1734-ல் எழுந்தது இன்றைய ஆலயம். ஆடவர் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும். மணி அடித்தால் பூசை. எவருக்காகவும் அது ஒரு நிமிடம் தாமதிப்பதில்லை. செல்லப்பா சுவாமிகளும் அவருடைய சீடர் யோகர் சுவாமிகளும் அமர்ந்திருந்த தேரடியில் சற்று நேரம் மௌனமாக அமர்ந்து எழுந்தால் பயணக் களைப்பு நீங்கிவிடும். இரவு உணவுக்கு, யாழ்ப்பாணத்தார் ‘சைவக் கடை’ என்று அழைக்கும் மரக்கறி உணவகங்கள் உண்டு. ‘வாங்கோ’ என்று வரவேற்கும் குரலில் வேற்று நாடு என்ற எண்ணமே மறந்துபோகும்.

சனிக்கிழமை திருக்கேதீச்சரத்துக்கு உரியது. யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக வேனில் சென்றால் இரண்டரை மணி நேரத்தில் அடையலாம். ஒரு காலத்தில் மாந்தை, மாதோட்டம் என்ற பெயர்களால் புகழ்பெற்ற துறைமுக நகரம் இது. கேது வழிபட்டதால் கேதீச்சரம் ஆயிற்று என்பர். அம்பிகை கௌரி, தீர்த்தம் பாலாவி.

இக்கோயிலை 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் ஏறத்தாழ 300 ஆண்டுகள் அங்கே விளக்கில்லை, மணியோசையில்லை, காடு மூடிக்கொண்டது. கோயில் இருந்த இடம் எதுவென்று அறிவாரும் அருகினர். அந்நிலையில் 1872-ல் ஆறுமுக நாவலர், பாடல் பெற்ற தலம் பாழ்பட்டுக் கிடப்பது சைவர்க்கு அடுக்குமா என்று மக்களைத் தட்டி எழுப்பினார். மாதோட்டம் என்றும் பாலாவியின் கரை என்றும் தலத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் சான்றாகத் தேவாரப் பதிகங்கள் இருந்தன. நாவலர் 1879-ல் சிவபதம் அடைந்தார். அவர் மூட்டிய ஆர்வம் அணையவில்லை. 1894-ல் பழைய கோயிலின் இடம் கண்டறியப்பட்டது. 1903-ல் சிறிய ஆலயம் ஒன்று எழுந்தது. 1948-ல் திருப்பணிச் சபை தோன்றியது. சர் கந்தையா வைத்தியநாதன் அதனை முன்னின்று நடத்தினார். 1976-ல் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது.

சோதனை அத்துடன் முடியவில்லை. 1990-ல் போர் மூண்டு, சுற்றியிருந்த குடிகள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஊர் ஊராக மக்கள் பொருள் சேர்த்துக் கட்டிய மடங்கள் சிதைந்தன. நினைத்தபோது சென்று வழிபட முடியாத நிலை பல்லாண்டு நீடித்தது. போர் ஓய்ந்தபின் மீண்டும் திருப்பணி தொடங்கியது. இந்திய அரசின் உதவியுடன் தமிழகத்துச் சிற்பிகளின் கைவண்ணத்தில் கருங்கற் கோயிலாகப் புதுப்பிக்கப்பட்டு, 2022-ல் குடமுழுக்கு நடைபெற்றது.

இன்று அந்தக் கருங்கல் தூண்களிடையே நடப்போர் இவ்வரலாற்றை மனத்தில் கொள்ளுதல் வேண்டும். கண்ணால் காணாமலே பாடிய அருளாளர்களின் சொல், கல் அழிந்தபின்னும் அழியாமல் நின்று கோயிலுக்கு வழிகாட்டியது. அச்சொல்லை நம்பிய மக்கள், இழந்ததை இருமுறை மீட்டனர். மகா சிவராத்திரியன்று அடியார்கள் பாலாவியிலிருந்து குடத்தில் நீர் முகந்து, தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு அபிடேகம் செய்யும் வழக்கம் இங்கு உண்டு. மற்ற நாட்களில் செல்வோர் பாலாவியில் கால் நனைத்து, சந்நிதியில் இரு பதிகங்களையும் சேர்ந்து ஓதினாலே போதும். தேவார நூல் ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுதல் நன்று. நண்பகல் வெயிலில் மணலும் கல்லும் கொதிக்கும். முதியோர் காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டால், மாலைக்குள் யாழ்ப்பாணம் மீண்டு, ஞாயிறன்று ஊர் திரும்பலாம். திருக்கோணமலைக்கு மேலும் இரண்டு நாட்கள் தேவைப்படும். அதைத் தனி யாத்திரையாக வைத்துக்கொள்வதே உடலுக்கு இதம்.

முழங்கால் வலியாலும் முதுமையாலும் செல்ல இயலாத அன்பர்கள் ஏங்க வேண்டியதில்லை. சென்று வரும் நண்பர்களிடம் திருநீறு கேட்டு வாங்கி அணிந்து, வீட்டுப் பூசையறையில் கேதீச்சரப் பதிகத்தை ஓதுங்கள். சம்பந்தப் பெருமானும் இக்கரையிலிருந்துதான் அதைப் பாடினார்.