மாண்ட்ரீல் மலையடியில் ஓர் இஸ்லாமிய நூலகம்



மேலை நாடுகளுக்குச் சென்று வருவோர் நமக்குக் கொண்டு வரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. வானளாவிய கட்டடங்கள், அகன்ற சாலைகள், பனி மூடிய வீதிகள். கனடா என்றால் இவற்றோடு நயாகரா நீர்வீழ்ச்சியும் சேர்ந்து கொள்ளும். இன்று உங்களை நான் அழைத்துச் செல்ல விரும்பும் இடம் சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் இடமன்று. அது ஒரு நூலகம். கனடா நாடு தன் கல்வியை உலக முஸ்லிம்களோடு எவ்வாறு பகிர்ந்து கொண்டது என்பதற்கு அதுவே சாட்சி.

உங்களில் சிலரது இல்லங்களில் இப்படியொரு பேச்சு எழுந்திருக்கலாம். பட்டப் படிப்பை முடித்த மகனோ மகளோ, "இஸ்லாமிய வரலாற்றை மேலைநாட்டுப் பல்கலைக் கழகத்தில் ஆராயப் போகிறேன்" என்று சொல்ல, வீட்டுப் பெரியவர்கள் திகைத்துப் போவார்கள். "நம் மார்க்கத்தை அந்நியரிடம் போய்க் கற்பதா? போன பிள்ளை ஈமானோடு திரும்புமா?" என்று கேட்பார்கள். நியாயமான கவலைதான். அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக் கொண்டே என்னுடன் வாருங்கள்.

மலையும் நகரமும்

செயின்ட் லாரன்ஸ் நதியின் நடுவே ஒரு தீவில் அமைந்தது மாண்ட்ரீல் மாநகரம். நகரின் நடுவில் ஒரு சிறு மலை எழுந்து நிற்கிறது. அதன் உயரம் 233 மீட்டர்தான். நம்மூர் மலைகளைக் கண்டவர்களுக்கு அது ஒரு குன்றாகவே தோன்றும். ஆயினும் 1535-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியே அதற்கு 'அரச மலை' என்று பொருள்படப் பெயர் சூட்டினார். அப்பெயரிலிருந்தே நகரின் பெயரும் பிறந்தது. இங்கே தெருவில் கேட்கும் மொழி பெரிதும் பிரெஞ்சு. ஆனால் மலையின் தென்புறச் சரிவில் பரந்து கிடக்கும் மெக்கில் பல்கலைக் கழகம் ஆங்கில வழிக் கல்விக்கூடம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து விலங்குத் தோல் வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஜேம்ஸ் மெக்கில் விட்டுச் சென்ற நிலத்தையும் பணத்தையும் கொண்டு, 1821-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் உருவானது அது.

பல்கலைக் கழகத்தின் ஓரமாக மலையை நோக்கி ஏறிச் செல்லும் மெக்டாவிஷ் தெருவில் மாரிஸ் ஹால் என்றொரு பழைய கற்கட்டடம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மாதா கோயிலோ என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் முற்றிலும் தவறுமன்று. 1882-ஆம் ஆண்டளவில் பிரஸ்பிடேரியன் திருச்சபையினர் தங்கள் போதகர்களைப் பயிற்றுவிப்பதற்காக எழுப்பிய கல்லூரியின் பகுதி அது. அவர்கள் நூல்களைப் பேணிய எண்கோண வடிவ மண்டபத்தில் இன்று திருமறை விரிவுரைகளும், ஹதீஸ் தொகுப்புகளும், ஃபிக்ஹு நூல்களும், பாரசீக, துருக்கி, உருது இலக்கியங்களும் வரிசை வரிசையாக வீற்றிருக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள்! வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே வழியும் ஒளியில், வெளியே பனி பொழிந்து கொண்டிருக்க, ஒரு மாணவி இமாம் கஸ்ஸாலியின் ஏடுகளைப் புரட்டும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

லாகூரில் கற்ற பாடம்

இந்நூலகத்தைத் தன்னகத்தே கொண்ட இஸ்லாமிய ஆய்வு நிறுவனம் 1952-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. நிறுவியவர் வில்ஃபிரட் கேன்ட்வெல் ஸ்மித். 1916-இல் டொரண்டோவில் பிறந்தவர். கிறிஸ்தவப் போதகராக அபிஷேகம் பெற்றவர். 1940-களின் முற்பகுதியை லாகூரில் கழித்து, அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் இஸ்லாமிய வரலாறு கற்பித்தார். முஸ்லிம்களோடும் இந்துக்களோடும் சீக்கியர்களோடும் ஒருங்கே பழகினார். அவர் அந்நகரை நீங்கிய சிறிது காலத்தில், 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின் தீ அங்கே பற்றியெரிந்தது.

ஒருவரையொருவர் சரிவர அறியாத மக்கள் ஒரே தெருவில் வாழ்ந்தாலும் அது போதாது என்பதை ஸ்மித் நன்குணர்ந்திருந்தார். ஆகவே மாண்ட்ரீலில் நிறுவனத்தை அமைத்தபோது புதுமையானதொரு நெறியை வகுத்தார். கற்பிப்போரிலும் கற்போரிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருத்தல் வேண்டும்! ஒரு சமயத்தைப் பற்றி வெளியார் கூறும் கூற்றை, அச்சமயத்தை நம்பி வாழ்பவர் கேட்டு, 'ஆம், எங்கள் நம்பிக்கை இதுவே' என்று ஏற்றால்தான் அது மெய்யான கூற்று என்பது அவர் கொண்ட அளவுகோல்.

அக்காலத்துக் கனடாவில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. அந்நாட்டின் முதல் பள்ளிவாசலாகிய அல் ரஷீத், மாண்ட்ரீலுக்கு மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள எட்மண்டனில் 1938-இல்தான் திறக்கப்பட்டது. நம்மில் பலர் வாசிக்கும் ஆங்கிலத் திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தந்த அப்துல்லா யூசுப் அலி அவர்களே அத்திறப்பு விழாவில் கலந்து கொண்டார்கள் என்பது நமக்கு மகிழ்வூட்டும் செய்தி. ஆக, ஸ்மித் விரும்பிய முஸ்லிம் அறிஞர்கள் கடல் கடந்தே வரவேண்டியிருந்தது. வந்தார்கள். பாகிஸ்தானைச் சேர்ந்த பஸ்லுர் ரஹ்மான் 1958 முதல் 1961 வரை கற்பித்தார். இந்தோனேசியாவின் முதல் மத விவகார அமைச்சராக 1946-இல் பதவி வகித்த முஹம்மத் ரஷீதியும் அங்கே விரிவுரையாற்றினார்.

ஒரு சொல்லின் வேர்

முஸ்லிமல்லாத மறுபாதியினரில் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோஷிஹிகோ இசுட்சு என்பது அவர் பெயர், ஜப்பானியர். இளமையில் தம் நாட்டுக்கு வந்த தாத்தாரிய முஸ்லிம் அறிஞர்களிடம் அரபு கற்றார். 1950-களின் இறுதியில் திருக்குர்ஆனை அரபு மூலத்திலிருந்து ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். பின்னர் மெக்கில்லில் கற்பித்த காலத்தில், திருக்குர்ஆனின் ஒழுக்கவியற் சொற்களை ஆராய்ந்து அவர் எழுதிய ஆங்கில நூலை 1966-இல் அப்பல்கலைக் கழகத்தின் பதிப்பகமே வெளியிட்டது.

அதில் 'குஃப்ர்' என்னும் சொல்லை அவர் ஆராய்ந்த விதத்தைக் கேளுங்கள். அதன் வேர்ப்பொருள் 'மூடுதல்'. பெற்ற நன்மையை மூடி மறைப்பவன் நன்றி கொன்றவன் ஆகிறான். எனவே திருமறையில் இச்சொல் ஒருபுறம் 'ஈமான்' என்பதற்கும், மறுபுறம் 'ஷுக்ர்' என்னும் நன்றியுணர்வுக்கும் எதிராக நிற்கிறது. நம் ஆலிம்கள் அறிந்த உண்மைதான் இது. ஆனால் கலிமாச் சொல்லாத ஒரு ஜப்பானியர், திருமறையின் சொல்லைத் திருமறையைக் கொண்டே விளங்கிக் கொள்ள இத்துணைப் பாடுபட்டார் என்பதை எண்ணும்போது, அன்றாடம் அதை ஓதும் நாம் அதன் பொருளுக்காக எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம் என்று வெட்கத்தோடு கேட்டுக் கொள்ள வேண்டியிருக்கிறது. 1969-இல் இந்நிறுவனம் தெஹ்ரான் நகரிலும் ஒரு கிளையைத் திறந்தது. ஈரானிய அறிஞர் மெஹ்தி முஹக்கிக்கும் இசுட்சுவும் சேர்ந்து அங்கே பழைய தத்துவ ஏடுகளைப் பதிப்பித்தனர்.

ஜாவாவுக்குச் சென்ற விதை

மாண்ட்ரீலில் விதைத்தது செழித்து வளர்ந்த மண் இந்தோனேசியா. ஜாவாவின் 'பெசந்த்ரன்' எனப்படும் மார்க்கப் பள்ளியில் ஓதியவர் முக்தி அலி. கராச்சியில் பயின்றபின் மெக்கில்லுக்கு வந்து 1957-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, யோக்யகார்த்தா நகரின் அரசு இஸ்லாமியக் கல்விக்கழகத்தில் சமய ஒப்பியல் துறையைத் தோற்றுவித்தார். 1971 முதல் 1978 வரை மத விவகார அமைச்சராகவும் விளங்கினார்.

அவரது அமைச்சுக் காலத்தில், 1975-இல் மூன்று அமைச்சர்கள் கூட்டாக ஓர் ஆணை பிறப்பித்தனர். மதரஸாக்களில் பொதுப் பாடங்களுக்கு நூற்றுக்கு எழுபது பங்கு இடமளிக்கப்படும். அதற்கு ஈடாக, மதரஸாச் சான்றிதழ் அரசுப் பள்ளிச் சான்றிதழுக்கு நிகராக மதிக்கப்படும் என்பதே அது. மதரஸாவில் ஓதிய ஏழைப் பிள்ளைக்குப் பல்கலைக் கழகத்தின் வாசல் திறந்தது. இதன் அருமையை, ஓதி முடித்தபின் வேறு படிப்புக்கு வழியின்றித் தவிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அறிவர். 1990-களில் கனடா அரசின் நிதியுதவியோடு அந்நாட்டு இஸ்லாமிய விரிவுரையாளர்கள் பலர் மெக்கில்லுக்கு வந்து பயின்று திரும்பினர்.

ரஷீதியின் எச்சரிக்கை

இனி நாம் மனத்தில் வைத்திருந்த கேள்விக்கு வருவோம். 1968-இல் மெக்கில்லில் முனைவர் பட்டம் பெற்ற ஹாருன் நசுத்தியோன், பின்னர் ஜகார்த்தா இஸ்லாமியக் கல்விக்கழகத்தின் தலைவரானார். 1974-இல் அவர் எழுதிய பாடநூல் இஸ்லாத்தின் பல்வேறு சிந்தனைப் பிரிவுகளை அறிமுகப்படுத்தி, பகுத்தறிவுக்குப் பேரிடம் தந்தது. அதே மெக்கில்லில் முன்பு கற்பித்த ரஷீதி அதைக் கண்டு கலங்கினார். மேலைநாட்டு ஆராய்ச்சி முறை பக்குவமடையாத மாணவர் உள்ளத்தில் ஐயத்தை விதைத்து விடும் என்று அஞ்சி, 1977-இல் ஒரு மறுப்பு நூலே எழுதினார்.

பார்த்தீர்களா! உங்கள் வீட்டுப் பெரியவரின் கவலை, மாண்ட்ரீலின் வகுப்பறையை நேரில் கண்ட பேரறிஞருக்கும் இருந்தது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ரஷீதி அக்கவலையை எப்படி வெளிப்படுத்தினார் என்பதையும் நோக்குங்கள். நூலுக்கு நூலால் விடை தந்தார். அவ்வாறு விடை தரும் ஆற்றல், எதிர்த்தரப்பின் கல்வியைத் தாமும் கற்றிருந்ததால் அவருக்கு வாய்த்தது. ஆகவே பிள்ளையைத் தடுப்பதைக் காட்டிலும், திருமறையிலும் தொழுகையிலும் அடித்தளம் உறுதியாக அமைத்து அனுப்புவதே மேல் என்பது இந்த எளியேனின் கருத்து.

அளவுகோல் நமக்கும் உண்டு

கனடாவைப் புகழ்ந்துரைத்து முடித்துவிட்டால் நேர்மையாகாது. இந்நூலகம் அமைந்த அதே கியூபெக் மாநிலத்தில், 2017 ஜனவரி 29 அன்று இரவுத் தொழுகை முடிந்த வேளையில், கியூபெக் நகரப் பள்ளிவாசலில் ஆறு முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அந்நகரப் பல்கலைக் கழகத்தின் பேராசிரியர். 2019-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியைகள் பணி நேரத்தில் ஹிஜாப் அணிவதற்குத் தடை விதித்தது. உலகோடு கல்வியைப் பகிர்ந்த நாடு தன் அண்டை வீட்டாரை அறிவதில் தவறியிருக்கிறது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் சுமார் 18 லட்சம் முஸ்லிம்கள் வாழ்கின்றனர். ஸ்மித்தின் அளவுகோல் இன்று அவர் நாட்டுக்கே தேவைப்படுகிறது.

நமக்கும் அது தேவைதான். நம் அயல்வீட்டாரின் சமயத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் நாம் பேசுவதை அந்த அயலார் கேட்க நேர்ந்தால், 'ஆம், எங்களைச் சரியாகச் சொன்னீர்கள்' என்பார்களா? மாந்தர் பல இனத்தாராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிவதற்கே என்று அல்-ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறதல்லவா?

அடுத்த முறை உங்கள் மகள் தொலைதூரக் கல்விக்கூடம் ஒன்றின் பெயரைச் சொன்னால், உடனே மறுத்து விடாதீர்கள். அங்கே யார் கற்பிக்கிறார்கள், யாரோடு அமர்ந்து கற்பாள், எதை எடுத்துச் செல்கிறாள் என்று கேளுங்கள். பிறகு அமர்ந்து பேசுங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.