மார்பூர்க் கோட்டையில் முறிந்த கூட்டணி

ஜெர்மனியில் லான் ஆற்றுக்கு மேலே, குன்றின் உச்சியில் நிற்கிறது மார்பூர்க் கோட்டை. 1300 வாக்கில் எழுந்த அதன் கோத்திக் மண்டபத்தைப் பார்ப்பவர் அண்ணாந்து நின்றுவிடுவார். ஆனால், புராட்டஸ்டன்ட் அரசுகளின் தலைவிதியைத் தீர்மானித்த பேச்சு அந்த மண்டபத்தில் நடக்கவில்லை. ஹெஸ்ஸே ஆட்சியாளர் பிலிப் தன் சொந்த அறைகளில் அதை நடத்தினார்.

1529 அக்டோபர். பிலிப்புக்கு வயது 24. அந்த ஏப்ரலில்தான் ஸ்பெயர் நகரப் பேரரசு மன்றத்தில் 6 ஆட்சியாளர்களும் 14 நகரங்களும் திருச்சபைச் சீர்திருத்தத்துக்கு விதிக்கப்பட்ட தடையை எதிர்த்துக் குரல் எழுப்பியிருந்தன. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைக்கு முன் வெறும் எதிர்ப்புக் குரல் நிற்காது என்பது பிலிப்புக்குத் தெரியும். ஜெர்மானிய ஆட்சியாளர்களும் சுவிஸ் நகரங்களும் ஓரணியில் நிற்க வேண்டும். குறுக்கே கிடந்தது நற்கருணை பற்றிய சண்டை. அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் மெய்யாகவே இருக்கிறது என்றார் மார்ட்டின் லூதர். அது அடையாளமே என்றார் சூரிச் நகரின் ஸ்விங்லி. இராப்போஜனத்தில் கிறிஸ்து சொன்ன வார்த்தைகளை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்ட லூதர், கடைசிவரை அசையவில்லை. 15 கூறுகளில் 14க்கு இசைவு கிடைத்தது. மிஞ்சிய ஒன்று கூட்டணியைக் கெடுத்தது.

1531இல் பிலிப்பும் சாக்சனியும் ஷ்மால்கால்டன் கூட்டணியை அமைத்தபோது சுவிஸ் நகரங்கள் அதில் இல்லை. அதே ஆண்டு காப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்லி மாண்டார்.

கூட்டணிக்கு அடுத்த அடி பிலிப்பின் வீட்டிலிருந்தே விழுந்தது. முதல் மனைவி உயிரோடிருக்க 1540இல் அவர் இன்னொருத்தியை மணந்தார். பேரரசுச் சட்டத்தில் அது மரண தண்டனைக்குரிய குற்றம். தப்பிக்க, மறு ஆண்டே சார்லஸோடு உடன்பாடு செய்துகொண்டு கைகட்டி நின்றார். இத்தனை பாடுபட்டுச் சேர்த்த அணியை அவரே முடக்கியது எனக்கு ஆறாத வருத்தம். 1547இல் மூல்பெர்க்கில் கூட்டணி தோற்றது. அவருடைய மருமகன், சாக்சனியின் மோரிட்ஸ், பேரரசர் பக்கம் நின்றார். பிலிப் 1552 வரை சிறையில் கிடந்தார்.

1555இல் ஆக்ஸ்பர்க் உடன்பாடு லூதர் வழியினருக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு தந்தது. ஸ்விங்லி வழியினரும், அவருக்குப் பின் வந்த சீர்திருத்தவாதி கால்வினின் வழியினரும் அதற்கு 1648 வரை காத்திருந்தார்கள். மார்பூர்க்கில் அந்தப் பிளவு அதற்கு முன்பே திரும்பி வந்தது: 1605இல் பிலிப்பின் பேரன் அங்கே கால்வின் வழியைப் புகுத்தினார். பிலிப் 1527இல் நிறுவிய பல்கலைக்கழகத்திலிருந்து லூதர் வழிப் பேராசிரியர்கள் வெளியேறினார்கள். அவர்களுக்கென்று 1607இல் கீசனில் வேறொரு பல்கலைக்கழகம் எழுந்தது.